மலையிறங்கிய எண்கள்

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். ஜெசிந்தா அடிவாரத்து எஸ்டேட் பள்ளியில், சன்னலோரக் கணினிமுன் உட்கார்ந்திருந்தாள். ஓடிபி வரும் போனோ மேட்டுத் தேயிலைக்காட்டில் அம்மாவிடம் இருந்தது. அங்கேதான் சிக்னல் கிடைக்கும். வந்த எண் பத்து நிமிடம்தான் செல்லும். அம்மா ஒவ்வொரு எண்ணாகக் கத்த, கொழுந்து பறிக்கும் பெண்கள் அதை வாங்கி வரிசைக்கு வரிசை கீழே கத்தினார்கள்.

“ஆறாக்கா, நூறாக்கா?”

“ஆறுடி, ஆறு!”

கடைசி எண்ணைத் தட்டியதும் பக்கம் திறந்தது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு ஜெசிந்தா வெளியே ஓடிவந்தாள். சரிவு முழுக்கக் கூடையோடு நிமிர்ந்து நின்றவர்களில் ஒருவரும் இன்னும் குனியவில்லை. அத்தனை பேருக்கும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், தலைக்குமேல் கைகூப்பி நின்றாள்.