நாயகன் நின்ற இடம்

பாக்கியம் கொண்டுவந்திருந்த ஒரே போட்டோவில் அவள் கணவன் தங்கமாரி, தியேட்டர் வாசலில் வைத்திருந்த நாயகனின் கட்அவுட் மீது எக்கிக் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அதை வைத்துத்தான் அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வேண்டும். பேனர் கடை சேவியர் கம்ப்யூட்டரில் நாயகனை அழித்தான். இறந்தவனின் கை அந்தரத்தில் நின்றது.

"கையையும் எடுத்துரட்டுமாக்கா?"

"வேணாம் தம்பி. அந்த எடத்துல என்னைய நிக்க வைங்க. கல்யாணத்துல சேந்து எடுத்த போட்டோவும் வெள்ளத்துல போயிருச்சு."

சேவியர் அவளைக் கடைச் சுவரோரம் நிறுத்திச் செல்போனில் படமெடுத்து, வெட்டி, தங்கமாரியின் பக்கத்தில் ஒட்டினான். நாயகனின் உயரத்துக்குத் தூக்கிய கை அவள் தோளுக்கு நாலு விரல் மேலேயே நின்றது. அவளை மேலே நகர்த்தினால் கால் தரையில் படவில்லை.

"உங்களப் பெருசாக்கினாத்தான் கை தோள்ல படும்கா. ஆனா அண்ணன் பக்கத்துல சின்னப்பிள்ள மாதிரி ஆயிருவாரு."

அவள் திரையில் தங்கமாரியின் எக்கிய குதிகால்களைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் சுவரோரம் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, எக்கி நின்றாள்.

"இப்ப எடுங்க தம்பி."