பத்தரை மணி வானம்

மகாலட்சுமி காபித் தட்டை நீட்டினாளே தவிர, எடுத்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் பெண் பார்க்கும் சடங்கை முடித்துவிட வேண்டும் என்று வீடே பறந்தது. நாலு நாளில் திடீரென்று வந்த சம்பந்தம். மாப்பிள்ளைக்குக் கம்பம் பக்கம் ஏதோ தொழில் என்றதற்கு மேல் அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் கவலை வேறு. அதே பத்தரைக்குத்தான் அவள் ஊர் சுருளிப்பட்டிக்கு மேலே செயற்கைக்கோள் கடக்கும்.

காற்றில் மிதக்கும் புகையையும் தூசியையும் அது மேலிருந்து அளக்கும். அதே நேரத்தில் அவள் மொட்டை மாடியில் நின்று, கைக்கருவியைச் சூரியனுக்குக் காட்டிக் கீழிருந்து அளக்க வேண்டும். புகைமூட்டமான நாட்களின் அளவு வேண்டிய மட்டும் இருந்தது. புகையில்லாத ஒரே ஒரு நாள் கிடைக்காமல் ஆராய்ச்சி அந்தரத்தில் நின்றது. நாளைக்குக் கருவியை மதுரையில் அவள் படிக்கும் பல்கலைக்கழகத்துக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

எல்லாம் மேற்கே இருக்கும் செங்கல் காளவாசலால் வந்த வினை. போன வாரம் அதன் முதலாளிக்குப் போன் போட்டாள். வெள்ளிக்கிழமை காலை மட்டும் புகை வேண்டாம் என்று கெஞ்சினாள். அன்றைக்குத்தான் புதுச் சூளைக்கு நாள் குறித்திருக்கிறது, பூசை போட்டு மூட்டும் நேரத்தைத் தள்ளினால் கல் வேகாது என்றது அந்தக் குரல்.

"வேகலைன்னா எங்கிட்டக் கொண்டாங்க, என் வயித்தெரிச்சல்ல வெந்துரும்!"

யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதற்கு, அப்பா பெயரையும் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தாள்.

"ஏத்தா, எங்கன ஓடுற? மாப்பிள்ளை வீட்டுக்காரக இருக்காக!" அம்மா மூக்கம்மாள் கத்துவது, பத்தரை ஆகப்போகிறதென்று அவள் மாடிப் படியேறும்போது கேட்டது.

பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, சூரியனைக் குறிபார்த்துப் பொத்தானை அழுத்தினாள்.

கருவி காட்டிய எண்ணை நம்ப முடியவில்லை. மறுபடி அழுத்தினாள். அதேதான். இரண்டு வருஷத்தில் இவ்வளவு சின்ன எண்ணை அவள் பார்த்ததே இல்லை.

மேற்கே திரும்பினாள். அடுக்கிய சூளை அடுக்கியபடியே நின்றது. அதன் பின்னால் மலை, மரம் மரமாகத் தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல் சேலையோடு ஒரு குதி குதித்தாள்.

யாரோ கனைத்தார்கள். படி வாசலில் மாப்பிள்ளை, கையில் செல்போனோடு நின்றார்.

"சாட்டிலைட்டு போயிருச்சுங்களா? ஆளுக தீப்பெட்டியோட நிக்கிறாக. மூட்டச் சொல்லிரவா?"

போனில் கேட்ட அதே குரல்.

மகாலட்சுமி அப்போதுதான் அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ராகு காலம் முடியட்டுங்க" என்றாள். "கல்லு வேகணும்ல?"