சுவரைப் பார்த்தவன்

குளித்துவிட்டு வந்தபோது சிலை அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.

துண்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

கூடத்து மேசையில் முப்பது வருடமாக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன். இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தால் கண் இப்படியெல்லாம் காட்டுமோ என்னவோ. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

முதுகுதான்.

"யாரு இதைத் திருப்பினது?"

லூர்து அடுப்படியிலிருந்து வந்தாள். பதினோரு வருடமாக இந்த வீட்டில் வேலை செய்கிறவள். அவரைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"கதவு சத்தம் கேட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அம்மாதான் சொல்லிட்டுப் போனாங்க. சார் வெளிய போனதும் செவுத்துப் பக்கம் திருப்பிடு, வர்றதுக்குள்ள பழையபடி வெச்சிடுன்னு. நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து அவங்களேதான் செஞ்சுக்கிட்டிருந்தாங்க."



பாரிஸில் இருக்கும் 'சிந்தனையாளன்' சிலையின் சிறிய வெண்கல வார்ப்பு அது. ஒன்றரை அடி. குன்னூர்த் தேயிலைத் தோட்டக்காரர் ஒருவரின் கலைச் சேகரிப்பை அவர் பிள்ளைகள் விற்றுக் கலைத்தபோது அடித்துப்பிடித்து வாங்கி வந்தது. அன்றைக்கே வத்சலா சொன்னாள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருப்பவனை நடுவீட்டில் வைக்க வேண்டாம், குடும்பத்துக்கு ஆகாது என்று.

கன்னமில்லை, தாடை என்று மனைவியைத் திருத்தினார். அவன் கவலைப்படவில்லை, யோசிக்கிறான் என்றார். மனிதர் ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார். முக்கால் மணி நேரம் பேசினார்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்திருந்தார்.

மேசையருகே போய்ச் சிலையின் அடியிலிருந்த குரோஷா பின்னல் விரிப்பின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார். தேக்கில் அரைவட்டமாகக் கீறல்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, ஏகப்பட்டவை. பாலிஷ் சரியில்லை என்று ஆசாரியை வாய்க்கு வந்தபடி ஏசியது ஞாபகம் வந்தது. மறுநாள்தான் வத்சலா இந்த விரிப்பைப் போட்டாள்.

சிலை பதினெட்டுக் கிலோ. வத்சலா ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு தினம் இரண்டு தடவை இதை இழுத்திருக்கிறாள்.

அந்த நெஞ்சைத்தான் இப்போது திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். "குளிச்சிட்டாவது வாங்கப்பா, முடிஞ்சதும் கூப்பிடறேன்" என்று மகள் எழில்தான் அவரை வீட்டுக்கு விரட்டினாள்.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கூடவே அழுகையும் வந்து தொலைத்தது.

"பழையபடி திருப்பிடட்டுமா சார்?"

சுலபமான கேள்விதான். வேண்டாம் என்றால் முப்பது வருடமாகப் பேசியதற்கெல்லாம் என்ன அர்த்தம்? சரி என்றால், இன்றைக்கு, இந்த நேரத்தில்.

 

லூர்து சிலையைப் பிடித்தபடியே நின்றாள்.

"இருக்கட்டும்," என்றார். பிறகு, "இன்னிக்கு மட்டும்" என்றார்.

சோபாவில் உட்கார்ந்தார். மணி பன்னிரண்டே கால். முன்னால் சாய்ந்தார். முழங்கை தொடையில் ஊன்றியது. கை தன்பாட்டுக்கு மேலே போனது.

தாடைக்கு நாலு விரற்கடை தள்ளி நின்றது.

லூர்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை மெல்ல இறக்கி மடியில் வைத்தார். அது அங்கே சும்மா இருக்கவில்லை. இன்னொரு கையால் பிடித்துப் பார்த்தார். கடைசியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

டீப்பாயில் ஃபோன் அடித்தது. திரையில் எழிலின் பெயர்.

அவர் அசையவில்லை.

"லூர்து, நீ எடும்மா," என்றார்.