மழைக்கு எழுந்த கைகள்

சன்னலில் சடசடவென்று மழை அடிக்கிறது. பயிற்சி மேசை முன் உட்கார்ந்திருக்கும் ஆறு வயது மகளின் கைகள் படபடக்கத் தோள்வரை எழுகின்றன. பாதியில் நின்று, தாமாகவே மடிக்குத் திரும்புகின்றன. அவள் திராட்சைக்காக அம்மாவைப் பார்க்கிறாள். ஆட்டிசத்துக்காக இரண்டு வருடமாக வீட்டிலேயே நடக்கும் பயிற்சியில், கையை உதறாமல் இருந்தால் ஒரு திராட்சை என்று பழக்கியது அம்மாதான். “பாத்தீங்களா, நாம சொல்லாமலே அடக்கிட்டா,” என்று பயிற்சியாளர் பூரித்துப்போய் நோட்டில் குறித்துக்கொள்கிறார். அம்மா திராட்சையை எடுத்துக் கொடுக்காமல் மகளின் கைகளையே பார்க்கிறாள். மழையைக் கண்டால் இவள் சிரிப்பதே அந்தக் கைகளால்தான். அதையா இத்தனை நாள் மெனக்கெட்டு நிறுத்தினோம்? “ஆட்டுடி செல்லம், ஆட்டிக்கோ,” என்று தன் கைகளைத் தூக்கி உதறிக் காட்டுகிறாள். மகள் கலவரத்தோடு எழுந்து வந்து, அந்தக் கைகளைப் பிடித்து அம்மாவின் மடியில் அழுத்தி வைக்கிறாள். பிறகு, அச்சு அசலாக அம்மாவின் குரலிலேயே, “குட் கேர்ள்” என்கிறாள்.