பழைய மாடலே போதும்

"இவர் எந்த நிமிஷம் எங்கே இருக்கார்னு வீட்டுல இருந்தே எனக்குத் தெரியணும். அப்படி ஒரு வாட்ச் இருக்காம்மா?"

மனைவி இப்படிக் கேட்டதும், ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த அந்த விளையாட்டுப் பொருள் கடையிலும் அவருக்கு வியர்த்தது. விற்பனைப் பெண் இரண்டு பெட்டிகளைக் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்தாள்.

அவர் ஒரு தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தரப் பரிசோதகராக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றவர். ஐந்து மாதத்துக்கு முன் ஒருநாள், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டியில் கலந்துகொள்ளப் போவதாகச் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டு அறிவித்தார். மறுநாளிலிருந்து காலை ஐந்தரை மணிக்கெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார்.

மனைவி அவருக்கு முன்பே எழுந்து தண்ணீர் பாட்டிலை நிரப்பி, டயருக்குக் காற்றும் அடித்து வைப்பாள். ஒருநாள் கொட்டுகிற மழை. அன்றும் ரெயின்கோட்டை மாட்டிவிட்டு வாசல்வரை வந்து வழியனுப்பினாள். இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

போட்டிக்கு இன்னும் ஆறே வாரம். நல்ல வாட்ச் ஒன்று வாங்கித்தான் ஆகவேண்டும் என்று அவள்தான் அவரை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இது மூணு வருஷம் பழைய மாடல், சார்," என்றாள் விற்பனைப் பெண். "நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் தனித்தனியா அளக்கும். ஒண்ணு முடிஞ்சு அடுத்ததுக்கு மாறும்போது இந்தப் பட்டனை அழுத்தினா போதும். இன்னொண்ணு போன மாசம்தான் வந்தது. மேப் இருக்கு. உயரமான கட்டடத்துக்கு நடுவுலயும் ஜி.பி.எஸ். தடுமாறாது. நீங்க போன் எடுத்துட்டுப் போகலைன்னாலும், எங்க போறீங்கன்னு வீட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும்."

"பழசே போதும்," என்றார் அவசரமாக. "ஓடப்போறது நானா, வாட்ச்சா?"

பேசிக்கொண்டே புதியதை எடுத்து வெளிச்சத்தில் புரட்டினார். "இந்தக் கொக்கி கொஞ்சம் கோணலா இருக்கு பாரும்மா. அலமாரில பெட்டியெல்லாம் ஒண்ணு முன்ன, ஒண்ணு பின்ன அடுக்கியிருக்கீங்க. யாருமே கவனிக்கறதில்லையா?"

விற்பனைப் பெண் அசடு வழிந்தாள். மனைவி கண்ணை மூடித் திறந்தாள்.

"இவர் வீட்டுக்கு எத்தனை நிமிஷத்துல வந்து சேருவார்னு காட்டுமா?"

"காட்டும் மேடம். பக்கத்துல வந்துட்டா உங்க போன்ல மணியே அடிக்கும்."

"அப்போ புதுசுதான்."

"புதுசுன்னா ஆரம்பத்துல கோளாறு வரும். ஒரு வருஷம் போகட்டுமே..."

"தனியா ரோட்டுல போறீங்க. எனக்கும் ஒரு நிம்மதி வேண்டாமா?" என்றபடி அவளே வாட்சை அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். "நாளைக்குக் காலையில இருந்து போனைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

அவர், போனில் தன் புள்ளி ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் அசையாமல் நிற்பதை நினைத்துப் பார்த்தார். மனைவியின் கையைப் பிடித்து, ஷூக்கள் அடுக்கியிருந்த மூலைக்கு அழைத்துப் போனார்.

"உன்னை நான் ஏமாத்திட்டேன்," என்றார். "ரெண்டாவது வாரமே நீச்சல் குளத்துல மூச்சு முட்டிருச்சு. கால் தரையில படாத இடம் வந்ததும் பயந்துட்டேன். எல்லாருக்கும் சொல்லியாச்சு, இனிமே எப்படி நிறுத்தறது? தினமும் குளத்துக்குப் பின்னாடி இருக்கற பேக்கரிலதான் உட்கார்ந்திருக்கேன். கிளம்பும்போது குழாயில தலையை நனைச்சுக்குவேன். நீச்சல் டிரெஸ்ஸையும்தான்."

முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் வேலையில் குறை கண்டவர், தன் குறையை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. அவள் கண்ணில் நீர் திரண்டது.

"அப்போ... இனிமே?" என்றாள் மெதுவாக.

"இனிமே பொய்யே கிடையாது. காலையில எங்கயும் போகமாட்டேன். வீட்டுலயே, உன் கூடவே இருக்கேன். சமையலறை டப்பாவையெல்லாம் உயர வரிசையில அடுக்கி, பேர் எழுதி ஒட்டணும்னு ரொம்ப நாளா எனக்கு ஒரு ஆசை. நாளைக்கே ஆரம்பிச்சுடறேன்."

அவள் முகம் வெளுத்தது. அவர் வாட்சைக் கழற்றப் போனார். சட்டென்று அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தாள். "இதுக்கே பில் போடும்மா!" என்று விற்பனைப் பெண்ணிடம் குரல் கொடுத்தாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அதான் போட்டியே இல்லைன்னு சொல்லிட்டேனே! பேக்கரில உட்கார்ந்திருக்கறவனுக்கு எதுக்கு இந்த வாட்ச்?"

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, இந்த அஞ்சு மாசமாத்தான் நான் காபியைச் சூடா, முழுசாக் குடிக்கிறேன்," என்றாள். அவள் பிடி இன்னும் இறுகியது.

"அந்த பேக்கரில என்ன வேணா சாப்பிடுங்க. ஏழரைக்கு முன்னால மட்டும் வீட்டுக்கு வந்துடாதீங்க!"