விலகியவரின் சீட்டு

இரண்டாயிரத்து ஆறு. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் புருசெத் பகுதியில் சயூரன் வீட்டுப் போக்கர் போட்டி. இறுதிச் சுற்றில் நானும், பக்கத்து ரொம்சோஸிலிருந்து முதல்முறை வந்திருந்த தலை நரைத்த ஒருவரும்.

எனக்கு உதவாத சீட்டு. ஆனாலும் பந்தயச் சிப்ஸ் முழுவதையும் நடுவே தள்ளிவிட்டு அவரை முறைத்தேன். அவருக்கு வியர்த்தது. சீட்டைக் கவிழ்த்து விலகினார்.

நான் சீட்டைக் காட்டிச் சிரித்தேன். "ரெண்டும் ஏழும்! கையிலை ஒண்டும் தேவையில்லை. முன்னுக்கு இருக்கிறவன் பயந்தால் காணும்."

அவர் தன்னுடையதைத் திருப்பினார். இரண்டு ஆஸ். அதைவிடப் பெரிய சீட்டு இல்லை.

"இதை வைச்சுக்கொண்டோ விட்டனீங்கள்?" சயூரன் கத்தினான்.

அவர் என்னைத்தான் பார்த்தார்.

"தொண்ணூறிலை என்ரை தம்பியை இழுத்துக்கொண்டு போகேக்கையும் இப்பிடித்தான் முறைச்சனீர். பதினாறு வருஷமாய் யோசிக்கிறன். அண்டைக்கு உம்மடை துவக்கிலை குண்டு இருந்ததோ?"