கேஸ் லைட்டர் பரீட்சை

இடி இடித்தால் போதும், தண்ணீர்த் தொட்டி மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலர் செத்துவிடும். அதைச் செய்துகொடுக்கும் அமுதவல்லியை மாற்றிவிடக் குடியிருப்பே சீரியலை விட்டுவிட்டுக் கூடியது. அவள் புதுப் போர்டை நீட்டினாள். இடியின்போது சென்சார் கம்பியில் எகிறி வரும் மின்சாரத்தை ஐந்து வோல்ட் லைனுக்குத் தள்ளிவிட டயோடு வைத்திருந்தாள்.

“அந்த லைனோட ரெகுலேட்டர் கரண்ட்டைக் குடுக்கும், திருப்பி வாங்காதும்மா. லைனே எகிறி மொத்தமும் போயிடும்,” என்றார் செயலாளர் தணிகாசலம், எதிர்த்தெருவுக்கும் கேட்கும்படி.

“அதை முழுங்கத்தான் சார் லைன்லயே ஒரு செனர் டயோடு வெச்சிருக்கேன்.”

கேஸ் லைட்டரால் கம்பியில் நான்கு முறை பொறி தட்டினாள். போர்டின் பச்சை விளக்கு அணையவில்லை.

அவர் விடவில்லை. “பொறி வேற, இடி வேற.”

“மேக்கால கருத்துட்டு வருது சார். மாட்டிட்டு மோட்டார் ரூம்லயே நிக்கிறேன். நீங்களும் வாங்க.”

அவள் படியிறங்கிவிட்டாள். செயலாளர் வெகுநேரம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.